டெக்சாஸிலிருந்து நியூ ஜெர்சிக்கு: தம்பியின் பரோலை எங்கள் ஊருக்கு மாற்றிய அனுபவம்

என் தம்பி டெக்சாஸ் சிறையில் இருந்தவன். குடித்துவிட்டு வண்டி ஓட்டினான். எதிரே வந்த ஒருவர் இறந்துபோனார். அந்த மாநிலச் சட்டப்படி இந்தக் குற்றத்துக்கு 2 முதல் 20 ஆண்டு வரை தண்டனை உண்டு. இறந்தவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்த எதுவும் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்காது என்பது தெரிந்துதான் இதை எழுதுகிறேன். நம் ஆட்கள் இந்த நாட்டில் இதைப் பற்றி வெளியே வாய் திறப்பதில்லை. எங்களுக்கு வழி தேவைப்பட்டபோது தமிழில் சொல்லித்தர ஒருவரும் இல்லை.

பரோலில், அதாவது தண்டனைக் காலம் முடியும் முன்பே அரசின் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வெளியே வந்தவன் ஹூஸ்டனில் ஒரு வாடகை அறையில் இருந்தான். தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை. லைசென்ஸ் பறிபோயிருந்தது. அந்த ஊரில் கார் இல்லாதவன் பாடு எப்படி என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கிடங்கு வேலை, சிறுநீர்ப் பரிசோதனை, கவுன்சலிங் என்று மூன்றுக்கும் பஸ் மாறி மாறிப் போய்வர வேண்டும். நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம். அம்மா என்னோடுதான் இருக்கிறார். ஒவ்வொரு ராத்திரியும் போனில் "சோறு தின்னியா கண்ணு?" என்று கேட்பார். அவன் "ஆச்சும்மா" என்பான். குரலை வைத்தே இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். குடியிலிருந்து மீண்ட ஒருவனைத் தனி அறையில் விட்டுவைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை நான் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பரோலில் இருப்பவர் தன் இஷ்டத்துக்கு வேறு மாநிலம் போக முடியாது. அதற்கென்று மாநிலங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. எல்லாரும் 'இன்டர்ஸ்டேட் காம்பாக்ட்' என்பார்கள். 1937-இல் தொடங்கிய பழைய ஏற்பாடு, 2002-இல் புதிய ஒப்பந்தமாக நடைமுறைக்கு வந்தது. 50 மாநிலங்களும் அதில் இருக்கின்றன, வாஷிங்டன் டி.சி., போர்ட்டோ ரிக்கோ, விர்ஜின் தீவுகளும்கூட. அனுப்பும் மாநிலம், ஏற்கும் மாநிலம் என்று இரண்டு பேர். எல்லாக் கடிதப் போக்குவரத்தும் அந்த இரண்டு அரசு அலுவலகங்களுக்கு நடுவில்தான், அவர்களுடைய கணினி அமைப்பு வழியாகவே நடக்கும். குடும்பமோ வக்கீலோ நேரடியாக விண்ணப்பம் போட முடியாது.

இது தெரியாத குடும்பங்களிடம் பணம் பறிப்பவர்கள் உண்டு. எங்களிடமும் ஒரு வக்கீல், "நானே நியூ ஜெர்சியில் ஃபைல் பண்ணித் தருகிறேன்" என்று பெரிய தொகை கேட்டார். வழக்கை வாதாட வக்கீல் தேவைதான். ஆனால் இந்த மாற்றத்தைத் தொடங்கிவைக்கக் கூடியவர் தம்பியின் பரோல் அதிகாரி ஒருவர்தான். அவரிடம் தம்பியே கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும்.

விதியில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் ஒன்று உண்டு. அனுப்பலாமா வேண்டாமா என்பது அனுப்பும் மாநிலத்தின் விருப்பம். அங்கே நமக்கு உரிமை என்று எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் அனுப்பி, தகுதிகளும் சரியாக இருந்தால், ஏற்கும் மாநிலம் ஏற்றே ஆக வேண்டும். மனமிருந்தால் ஏற்கலாம் என்று விட்டுவைக்கப்பட்ட விஷயமே இல்லை அது. கண்காணிப்புக் காலம் இன்னும் 90 நாளாவது பாக்கி இருக்க வேண்டும். அதுவரை நிபந்தனைகளை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்க வேண்டும். எங்கே தங்குவான், எப்படிப் பிழைப்பான் என்று உருப்படியான திட்டம் வேண்டும். அவனே அந்த மாநிலத்துக்காரனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே குடும்பம் இருந்து, உதவ முன்வந்து, அவனுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்போ வேறு வழியில் ஆதரவோ இருக்க வேண்டும். இவ்வளவுதான். நான் கெஞ்சிக் கடிதம் எழுதுவதை நிறுத்தியது இதைப் படித்த அன்றுதான். அதன்பின் நான் அனுப்பிய தாள் ஒவ்வொன்றும் இந்தத் தகுதிகளில் ஏதாவது ஒன்றுக்கான சான்றாக இருந்தது.

குடும்பம் என்றால் யார் என்பதையும் விதியே சொல்லிவிடுகிறது: பெற்றோர், தாத்தா பாட்டி, அத்தை மாமா சித்தி சித்தப்பா வரிசை, வயது வந்த பிள்ளை, வயது வந்த உடன்பிறப்பு, கணவன் அல்லது மனைவி, சட்டப்படியான பாதுகாவலர், மாற்றாந்தாய் அல்லது மாற்றாந்தந்தை. அவர்கள் விண்ணப்பத் தேதிக்கு முன் 180 நாளாவது அந்த மாநிலத்தில் குடியிருந்திருக்க வேண்டும். எங்கள் பெரியப்பா மகன் பென்சில்வேனியாவில் பெரிய வீடு வைத்திருக்கிறார். "இங்க அனுப்பும்மா, நான் பார்த்துக்கறேன்" என்று முதலில் கைகொடுத்தவர் அவர்தான். எங்களுக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி. ஆனால் அந்தப் பட்டியலில் பெரியப்பா பிள்ளைக்கு இடமில்லை. அவர் வீட்டுக்கு என்று கேட்டிருந்தால் பென்சில்வேனியா மனம் வைத்தால்தான் உண்டு, கட்டாயம் கிடையாது. அதனால் என் வீட்டுக்கு என்றே தம்பியைக் கேட்கச் சொன்னோம். நான் சொந்த அக்கா, எடிசனில் பல வருஷமாக இருப்பவள். வீட்டு வரி ரசீது, மின்கட்டண பில், என் சம்பளச் சீட்டு, அவனுக்குத் தங்க இடமும் சாப்பாடும் நானும் கணவரும் பொறுப்பு என்று கையெழுத்திட்ட கடிதம் எல்லாம் சேர்த்து அனுப்பினேன்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். பல அபார்ட்மென்ட் ஒப்பந்தங்களில், பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றவர் தங்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். விண்ணப்பம் போன பிறகு அது தெரிந்தால் முழுத் திட்டமும் சரிந்துவிடும்.

தம்பி தன் பங்குக்குச் சில தாள்களில் கையெழுத்துப் போட்டான். அதில் ஒன்று, டெக்சாஸ் எப்போது திரும்பக் கூப்பிட்டாலும் எதிர்த்து வழக்காட மாட்டேன் என்பது. அதைப் போனில் எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "அக்கா, அங்க வந்து சறுக்கினா உன் வீட்டு வாசல்லயே வந்து பிடிச்சுட்டுப் போவாங்க. யோசிச்சுச் சொல்லு" என்றான். யோசிக்க எனக்கு எதுவும் இல்லை. என் கணவர்தான் போனை வாங்கி, "போடு மாப்ள" என்றார்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து விசாரித்துப் பதில் சொல்ல ஏற்கும் மாநிலத்துக்கு 45 நாள் அவகாசம். இந்தக் காலத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுங்கள். குடும்பத்தைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று எழுதிவிட்டால் அதுவே மறுப்புக்குக் காரணமாகிவிடும்.

எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் அதிகாரி சாயங்காலம் வந்தார். வருவதற்கு முன்பே வீட்டைச் சுத்தமாக்கியிருந்தோம். சுத்தம் என்று நான் சொல்வது மதுவைத்தான். தம்பியின் நிபந்தனையில் ஒரு சொட்டு மது கூடாது. கணவர் விருந்தாளிகளுக்காக வைத்திருந்த பாட்டில்களை எடுத்துக் கொட்டியாயிற்று. மிச்சம் அம்மாவின் மருந்து அலமாரி. ஊரிலிருந்து வந்த தசமூலாரிஷ்டம் அதில் இருந்தது. அரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்வது. அதில் தானாகவே ஆல்கஹால் உண்டாகும், பாட்டில் மேலேயே போட்டிருப்பார்கள். ஒரு மூடி குடித்தவனுக்குப் பரிசோதனையில் என்ன வரும் என்று யார் பொறுப்பேற்பது? அம்மாவுக்கு மனசே இல்லை. "மருந்துதான கண்ணு" என்று கையில் பிடித்துக்கொண்டே நின்றார். அப்புறம் அவரே சிங்கில் ஊற்றிவிட்டு பாட்டிலைக் கழுவிக் குப்பையில் போட்டார். இருமல் மருந்தையும் கேக்குக்கு ஊற்றும் வனிலா எசென்ஸையும் அதே போக்கில் எடுத்துவிட்டோம்.

அதிகாரி அவன் தூங்கப்போகும் அறையைப் பார்த்தார். வீட்டில் யார் யார், பிள்ளைகள் வயது என்ன, துப்பாக்கி உண்டா, நாய் உண்டா என்று கேட்டுக்கொண்டே குறித்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்கள் தம்பி என்ன குற்றம் செய்தார் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். நான் முழுசாகச் சொன்னேன். எந்தச் சாலை, என்ன நேரம், எவ்வளவு குடித்திருந்தான், இறந்தவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதுவரை. எதையும் பூசி மெழுகவில்லை. குற்றத்தைக் குறைத்துச் சொல்லும் வீடு நாளைக்கு அவன் தவறினாலும் மறைக்கும் என்று அவர்கள் நினைப்பது நியாயம்தானே. அம்மாவிடமும் கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். "எம் பையன் பண்ணுனது பெரிய பாவம். தண்டனை அனுபவிக்கட்டும். எங்கண்ணு முன்னால இருந்து அனுபவிக்கட்டும்." அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

இறந்தவர் குடும்பத்துக்கும் இதில் இடம் உண்டு. தகவல் சொல்ல வேண்டிய வழக்கு என்று அனுப்பும் மாநிலம் குறித்திருந்தால், மாற்றம் பற்றி அவர்களுக்கு அறிவிப்புப் போகும். அவர்கள் தங்கள் கருத்தைச் சொல்லலாம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

அனுமதி வந்தது. பயண அனுமதிச் சீட்டு கையில் கிடைக்கும்வரை டிக்கெட் எடுக்காதே என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். பதிலுக்கு முன் கிளம்பினால் அதுவே விதிமீறல். ஏற்றுக்கொண்ட அனுமதி 120 நாள்தான் செல்லும் என்பதால் வந்த பிறகு தாமதிக்கவும் கூடாது. சீட்டில் போட்டிருந்தபடி எடிசன் வந்து, சொன்ன நேரத்தில் இங்குள்ள அலுவலகத்தில் ஆஜரானான்.

உங்கள் வீட்டு ஆள் இன்னும் சிறைக்குள் இருந்தால், விடுதலைத் தேதிக்கு 120 நாள் முன்பிருந்தே இந்த மாற்றத்தைக் கேட்க இடம் இருக்கிறது. உள்ளே இருக்கும் அதிகாரியிடம் அப்போதே பேசச் சொல்லுங்கள். அனுப்பும் மாநிலம் விண்ணப்பக் கட்டணமும், ஏற்கும் மாநிலம் கண்காணிப்புக் கட்டணமும் வாங்கலாம். அதற்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். குடியுரிமை இல்லாதவர் என்றால் கதை வேறு. குடிவரவுத் துறை நடுவில் வந்துவிடும், அதற்குத் தனி வக்கீலைப் பாருங்கள். என் தம்பி இங்கேயே பிறந்தவன்.

இப்போது அவனுக்கு மேலே இரண்டு மாநிலங்கள். அன்றாடம் பார்ப்பது நியூ ஜெர்சி; இங்குள்ள மற்ற பரோல்காரர்களை எப்படி நடத்துவார்களோ அப்படித்தான் இவனையும் நடத்துவார்கள், கூடுதல் நிபந்தனையும் போடலாம். பரோல் எவ்வளவு காலம் என்பதும், மீறினால் என்ன என்பதும் டெக்சாஸ் கையில். மன்ஹாட்டனில் ஒரு நல்ல வேலை கிடைத்தது. எடிசனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம் சொச்சம். ஆனால் ஆற்றைத் தாண்டினால் நியூயார்க், அது வேறு மாநிலம். அனுமதியில்லாமல் போக முடியாது. கொஞ்சம் சம்பளம் குறைவானாலும் நியூ ஜெர்சிக்குள்ளேயே ஒரு வேலையைப் பிடித்தான். காலையில் அம்மா கட்டித்தரும் சோற்றுமூட்டையோடு போகிறான்.

என் கணவருக்கு அலுவலகத்தில் நார்த் கரோலைனாவுக்கு மாற்றல் தருவதாகச் சொன்னார்கள். அங்கே வீடு மலிவு, பள்ளிக்கூடமும் நன்றாக இருக்கும். நாங்கள் போனால் தம்பிக்கு மூன்றாவதாக ஒரு மாநிலம் கேட்டு, மறுபடியும் டெக்சாஸ் வழியாகவே விண்ணப்பம், மறுபடியும் 45 நாள், அங்கே எனக்கு 180 நாள் குடியிருப்பும் இருக்காது. தம்பியின் பரோல் முடிகிறவரை எடிசனை விட்டு நகர்வதாக இல்லை என்று அவர் மேனேஜரிடம் சொல்லிவிட்டார்.