ஆறு ஓட்டை போட்ட கல்லைத் தேடி ஒரு சனிக்கிழமை

ஊர் பேரை முதல்ல சரியா சொல்லிடறேன். எழுத்துக்கூட்டி படிச்சா இயாம், ஐயாம்னு எப்படி வேணா வரும், ஆனா உள்ளூர்க்காரங்க சொல்றது "ஈம்". தமிழ்ல ஈமம்னா என்னன்னு தெரிஞ்சவங்களுக்கு சுருக்குனு இருக்கும். அதுவும் 1665-66ல பிளேக் வந்து 260 பேர் செத்த ஊருக்கு இப்படி ஒரு பேரு தானா அமைஞ்சிருக்கேன்னு என் மச்சினன்கிட்ட சொன்னேன், அவன் "அப்படியா அத்தான்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு மறுபடி போனுக்குள்ள போயிட்டான்.

மான்செஸ்டர்ல இருந்து ஷெஃபீல்டு போற ஹோப் வேலி லைன்ல கிரிண்டில்ஃபோர்டுனு ஒரு குட்டி ஸ்டேஷன். அங்க இறங்கி நடந்தோம். இங்கிலாந்துல டார்பிஷையர், பீக் டிஸ்ட்ரிக்ட்ங்கற மலை ஏரியா. ஈமுக்கு பஸ்ஸும் இருக்கு, ஆனா நடந்து போனா தான் இந்த ஊரோட கதை புரியும்னு எனக்கு ஒரு பிடிவாதம், அதுக்கு மச்சினனோட புது வெள்ளை ஷூ பலியாச்சு. போன வாரம் பூரா மழை பெஞ்சிருந்துச்சு. ஷூ வாங்கி ரெண்டு வாரம் கூட ஆகல, பாவம்.

டெர்வென்ட் ஆத்துப் பாலத்தை தாண்டினதும் சர் வில்லியம் ஹில் ரோடு ஆரம்பிக்குது, வளைவு நெளிவே கிடையாது, நேரா ஏறுது, யாரோ ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி. உச்சி 429 மீட்டர் தான், நம்ம கொடைக்கானல் கணக்குக்கு இதெல்லாம் மலையே இல்ல, ஆனா மூச்சு வாங்கும்போது அந்த கணக்கெல்லாம் உதவல. பாதி தூரத்துக்கு மேல தார் ரோடு போயி வெறும் கல்லும் குழியும் தான். ரெண்டு பக்கமும் சிமெண்ட் இல்லாம கல்லு மேல கல்லு அடுக்கின சுவர், அதுக்கு அந்தப் பக்கம் ஆடுங்க, அதுங்க நம்மள பாக்கற பார்வை இருக்கே, டிக்கெட் வாங்காம ஏறினவன கண்டக்டர் பாக்கற மாதிரி.

மேல இருந்து ஊர்ப் பக்கம் இறங்கற வழியில மாம்பெசன் கிணறு. கிணறுன்னு எட்டிப் பாத்தா ஏமாந்துடுவீங்க, சுத்தி வேலி போட்ட ஒரு சின்ன ஊத்து, அவ்வளவு தான். பிளேக் சமயத்துல வெளியூர்க்காரங்க சாப்பாட்டையும் மருந்தையும் இங்க வச்சுட்டு போவாங்க, ஊர்க்காரங்க அப்பறமா வந்து எடுத்துட்டு காச தண்ணிக்குள்ள போட்டு வைப்பாங்க, ரெண்டு கூட்டமும் மூஞ்சிய கூட பாத்துக்காது.

கதைய சுருக்கமா சொல்றேன். 1665 கோடைக்கு கடைசில லண்டன்ல இருந்து ஒரு டெய்லர் வீட்டுக்கு துணி மூட்டை வந்துச்சு. ஈரமா இருந்துச்சுன்னு ஜார்ஜ் விக்கர்ஸ்ங்கறவர் அதை பிரிச்சு அடுப்பு பக்கத்துல காய வச்சாராம், துணியில இருந்த தெள்ளுப்பூச்சி தான் வினைன்னு சொல்றாங்க. செப்டம்பர் 7ம் தேதி அவர் செத்துட்டார். அதுக்கப்பறம் பக்கத்து வீடு, எதிர் வீடுன்னு பரவி, குளிர்காலத்துல கொஞ்சம் அடங்கி, அடுத்த கோடையில தலைவிரிச்சு ஆடிருச்சு. 1666 ஜூன்ல வில்லியம் மாம்பெசன்ங்கற பாதிரியார், அவருக்கு முன்னாடி அங்க பாதிரியாரா இருந்து அரசாங்கத்தோட மதச் சட்டத்துக்கு ஒத்துக்காம பதவி போன தாமஸ் ஸ்டான்லி, ஆகாத ரெண்டு பேரும் சேர்ந்து ஊர கூட்டி மூணு முடிவு எடுத்தாங்க. செத்தவங்கள அவங்கவங்க வீட்டுக்காரங்களே தோட்டத்துலயோ வயல்லயோ புதைச்சுக்கணும், சர்ச்ச மூடிட்டு பிரார்த்தனைய வெட்டவெளியில வச்சுக்கலாம், ஊர் எல்லைய தாண்டி யாரும் போகக்கூடாது. சாட்ஸ்வொர்த் மாளிகையில இருந்த டெவன்ஷையர் பிரபு சாப்பாடு அனுப்பறேன்னு ஒத்துக்கிட்டார்.

இத கேட்டதும் எல்லாரும் என்ன தியாகம்னு சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் நினைச்சுட்டு போனேன்.

ஊருக்குள்ள போனா அவ்ளோ அமைதி. ஒரே ஒரு மெயின் தெரு, பழைய கல்லு வீடுங்க, 1588லயே குழாய் வழியா தண்ணி கொண்டு வந்து விட்ட கல் தொட்டிங்க அங்கங்க இன்னும் கிடக்குது. சர்ச்சுக்கு பக்கத்துல வரிசையா பிளேக் வீடுங்க, ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாடியும் பச்சைக் கலர் போர்டு, இந்த வீட்டுல இன்னார் இன்னார் இந்த தேதியில செத்தாங்கன்னு. அந்த வீடுகள்ல இன்னைக்கும் ஆளுங்க குடியிருக்காங்க. நாங்க போர்ட படிச்சுட்டு இருக்கும்போது உள்ள ஜன்னல் ஓரமா ஒருத்தர் பாத்திரம் கழுவிட்டு இருந்தார், எங்கள பாத்து தலையாட்டினார், நாங்களும் ஆட்டினோம். துக்க வீட்டு வாசல்ல நின்னு வேடிக்கை பாத்து மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு, சட்டுனு நகர்ந்துட்டோம்.

சர்ச்சு புனித லாரன்ஸ் பேர்ல. வெளிய எட்டாம் நூற்றாண்டுன்னு சொல்ற ஒரு சாக்ஸன் சிலுவை, சுவர்ல 1775ல வச்ச சூரிய கடிகாரம், ராசிக் குறியெல்லாம் செதுக்கியிருக்கு, மச்சினன் தன்னோட வாட்ச்ச வச்சு அத செக் பண்ண பாத்தான், வெயில் இருந்தா தானே. மாம்பெசனோட மனைவி கேத்தரின் சமாதி அங்கயே இருக்கு. குழந்தைங்க ரெண்டு பேரையும் வெளியூருக்கு அனுப்பிட்டு இவங்க மட்டும் புருஷன் கூட தங்கினாங்க, நோயாளிங்கள போய் போய் பாத்தாங்க, 1666 ஆகஸ்ட் 25ல போய் சேர்ந்தாங்க.

இங்க தான் எனக்கு முதல் நெருடல். குழந்தைங்கள அனுப்ப இடம் இருந்தவங்க அனுப்பியிருக்காங்க. வசதியானவங்க சிலர் முன்னாடியே ஊர விட்டு கிளம்பியாச்சு. மிச்சம் இருந்தது சுரங்கத்துல ஈயம் தோண்டினவங்களும் குடியானவங்களும், அவங்க எங்க போவாங்க, எந்த ஊர்ல சேர்த்துப்பாங்க. தியாகம்னு சொல்றது ஒரு பக்கம் சரி தான், ஆனா போக்கிடம் இல்லாததும் அதுல கலந்திருக்குன்னு எனக்கு தோணுது. மாம்பெசனுக்கே பின்னாடி ஈக்ரிங்னு வேற ஊருக்கு மாத்தல் ஆனப்ப, அந்த ஊர்க்காரங்க பயந்துபோய் ஊருக்குள்ள விடாம வெளிய ஒரு குடிசையில தங்க வச்சதா சொல்றாங்க. பாதிரியாருக்கே அந்த கதின்னா சுரங்கக்காரன் நிலைமைய யோசிச்சுக்கோங்க.

புல்வெளியில உக்காந்து புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். எதிர்ல பழைய தண்டனை மரம், குத்தம் பண்ணவன் கால ஓட்டைக்குள்ள மாட்டி வைக்கறது. மியூசியம் பழைய மெதடிஸ்ட் சேப்பல்ல இருக்கு, கூரை மேல காத்து திசை காட்டற கருவியில சேவலுக்கு பதிலா எலி! அத பாத்து தான் மச்சினன் முதல் தடவையா போட்டோ எடுத்தான்.

அப்பறம் லிட்கேட் வழியா எல்லைக்கல்லுக்கு. தெரு முடிஞ்சு வயல் வரப்பு மாதிரி ஒரு பாதை, நடுவுல சுவர தாண்டறதுக்கு கல்லுப்படி, ரெண்டு கல்லுக்கு நடுவுல ஒருச்சாய்ஞ்சு நுழையற இடுக்கு, என் பைய கழட்டி தலைக்கு மேல தூக்கிட்டு தான் நுழைஞ்சேன். தப்பான பக்கம் திரும்பி ஒரு மாட்டு மந்தைக்குள்ள போயி மானம் போக ஓடி வந்ததெல்லாம் விரிவா சொல்ல விரும்பல.

கல்லு ரொம்ப சாதாரணமா கிடக்குது. சரிவுல ஒரு பாறை, மேல ஆறு ஓட்டை. குனிஞ்சு பாத்தேன். ஓட்டைக்குள்ள மழைத்தண்ணி, அடியில கரும்பச்சையா பாசி, அதுக்கு மேல வந்தவங்க போட்டுட்டு போன பென்னி காசுங்க, ஒண்ணு ரெண்டு துருப்பிடிச்சு கல்லோட ஒட்டியே போயிருக்கு. ஒரு ஓட்டைக்குள்ள ரெண்டு விரல விட்டேன், வழவழன்னு இருக்கு, விளிம்பு தேஞ்சு போயிருக்கு, ஐஸ் மாதிரி சில்லுனு. இதுல வினிகர ஊத்தி அதுக்குள்ள காச போட்டு வைப்பாங்க, அந்தப் பக்கத்து ஸ்டோனி மிடில்டன்காரங்க சாமான வச்சுட்டு காச எடுத்துட்டு போவாங்க. கிருமின்னா என்னன்னே தெரியாத காலம். 2020ல பால் பாக்கெட்ட சோப்பு போட்டு கழுவி கொடியில காய வச்ச குடும்பம் எங்களோடது, அதனால சிரிக்க எனக்கு யோக்கியதை இல்ல.

ஆனா அங்க நின்னு நிமிர்ந்து பாத்தப்ப தான் உண்மையிலேயே வயித்த பிசைஞ்சது. ஸ்டோனி மிடில்டன் அதோ கீழ இருக்கு. எண்கோண சர்ச்சு இருக்கற ஊர், நாங்க நடந்தா பத்து பதினஞ்சு நிமிஷம். படிக்கும்போது எல்லைன்னதும் ஏதோ கோட்டைச் சுவர் மாதிரி மனசுல வச்சிருந்தேன். இங்க வேலி கூட இல்ல. இறக்கம் வேற, கால் தானா இழுத்துட்டு போகும். காவலுக்கு ஆள் இல்லாத ராத்திரி எத்தனை பேர் இந்த கல்லு வரைக்கும் வந்து நின்னுட்டு திரும்பியிருப்பாங்க? எம்மட் சிடால்னு இந்த ஊர் பொண்ணு, ரோலண்ட் டோர்னு கீழ ஊர் பையன், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்னு பாத்துக்குவாங்களாம், ஏப்ரல் 1666ல பொண்ணு போயிருச்சு, அவன் அது தெரியாம தினம் வந்து நின்னான்னு ஊர்க்கதை சொல்லுது. மச்சினன் ஒண்ணும் பேசாம ஒரு அஞ்சு பென்னி எடுத்து ஓட்டையில போட்டான்.

திரும்பி வந்து ஊருக்கு கிழக்கால அரை மைல் தள்ளி ரைலி சமாதிங்க. வயல் நடுவுல வட்டமா சுவர் கட்டின இடம், உள்ள மேஜை மாதிரி ஒரு சமாதி, கூட ஆறு கல்லு. எலிசபெத் ஹான்காக்குங்கற அம்மா 1666 ஆகஸ்ட்ல எட்டே நாள்ல புருஷனையும் ஆறு பிள்ளைங்களையும் தன் கையால புதைச்ச இடம். காலுல துணிய கட்டி இழுத்துட்டு வந்தாங்கன்னு சொல்றாங்க. ஏழையும் ஒரு தடவை எண்ணிட்டு, எண்ணினது சரியான்னு இன்னொரு தடவை எண்ணினேன். அந்த அம்மாவுக்கு இங்க கல்லு இல்ல. நோய் அவங்கள தொடல, ஷெஃபீல்டுல வேலை கத்துக்கிட்டு இருந்த ஒரு பையன் மிச்சம் இருந்தான், அவன்கிட்ட போயிட்டாங்க.

ஸ்டேஷனுக்கு வரும்போது இருட்ட ஆரம்பிச்சிருச்சு. மச்சினன் பெஞ்சுல உக்காந்து ஷூவுல அப்பியிருந்த சேற ஒரு குச்சியால நோண்டிட்டு இருந்தான். பிளாட்பாரம் முடியற இடத்துல மூணரை மைல் நீள டாட்லி குகை. எதிர் பக்கம் ஷெஃபீல்டு ரயில் வந்துச்சு, ரெண்டு பேர் ஏறினாங்க, குகைக்குள்ள போயி பின்னாடி இருந்த சிவப்பு லைட்டும் மறைஞ்சது. எங்க ரயிலுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்துச்சு.

"வறுவல் மிச்சம் இருக்கா அத்தான்?"ன்னு கேட்டான். டப்பாவ எடுத்து நீட்டினேன்.