பூஞ்சணத்துக்குப் பெயின்ட் மருந்தல்ல

சுவரில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்ததும் பெயின்ட் டப்பாவைத் தேடுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பூஞ்சணத்தின் மேல் அடித்த பெயின்ட் கொஞ்ச நாளில் பொருக்குப் பொருக்காக உரிந்துவிடும்.

பூஞ்சணத்தை அகற்ற எங்கள் வீட்டுக்கு வந்த பணியாளர் தூரிகையைத் தொடவே இல்லை. ஈரத்தை அளக்கும் கருவியான ஈரமானியின் இரு ஊசிகளையும் சுவரில் பதித்து, கீழிருந்து மேலாக அளந்துகொண்டே போனார். குளியலறைக் குழாய் இணைப்புக்கு நேரே எண் சட்டென்று எகிறியது. கசிவை அடைத்த பிறகுதான் மற்ற வேலை எல்லாம்: தூசி பரவாமலிருக்க அறை வாசலில் பிளாஸ்டிக் தாள், மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சி. ஊறிப்போன ஜிப்சம் பலகையை வெட்டியே எடுத்தார்கள். அதில் பூஞ்சண இழைகள் உள்ளே ஓடியிருக்கும், மேலே துடைத்துப் பயனில்லை.

நனைந்த இடம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய வேண்டும். வீட்டுக் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். குளித்து முடித்ததும் காற்றை வெளியேற்றும் விசிறியை உடனே அணைக்காதீர்கள்.