இரண்டாவது ட்ராக்

2024 ஜூன் 2, திருப்பாதிரிப்புலியூர்

கேசட் கிடைத்துவிட்டது! அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்தது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் ஓடு பறந்து எங்கள் ஆர்கெஸ்ட்ரா குழுவின் மற்ற கேசட்டெல்லாம் ஊறிப்போனபோது இதுவும் போயிருக்கும் என்றே நினைத்திருந்தேன். உறையில் கீபோர்டு அண்ணன் கையெழுத்து: 'சொந்தப் பாட்டு, முதலியார்பேட்டை, 1993.'

நாங்கள் ஏழு பேர். யாருக்கும் பாட்டு பிழைப்பு இல்லை. கீபோர்டு அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார், தபேலா அண்ணனுக்கு மின்வாரியத்தில் வேலை, பேஸ் கிட்டார் வாசிக்கும் பேஸ் அண்ணனுக்குப் புதுச்சேரி மிஷன் வீதியில் கடை. நான் தட்டச்சு படித்துக்கொண்டிருந்தேன். கச்சேரிப் பணத்தில் மைக் செட், வேன் வாடகை போக மிச்சத்தைப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு சாப்பாட்டுக் காசு தேறும்.

ஜூன் 3

காந்தப் பட்டையை, ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு பசை காய்ந்து உதிர்ந்துகிடந்தது. திருகாணி போட்ட கேசட் என்பதால் திறக்க முடிந்தது. இன்னொரு கேசட்டிலிருந்து துண்டை எடுத்து ஒட்டி, டெக்கில் போட்டேன்.

பாட்டு வரவில்லை. இடது ஸ்பீக்கரில் ஆமை வேகத்தில் தபேலா. வலதில் வெறும் உறுமல். திருப்பிப் போட்டால் என் குரல் பின்னாலிருந்து முன்னால் வருகிறது.

பயப்பட ஒன்றுமில்லை. பேஸ் அண்ணனின் மாமா பிரான்சிலிருந்து கொண்டுவந்த நாலு ட்ராக் ரெக்கார்டரில், அதாவது நாலு தனித்தனி ஒலித்தடமாகப் பதியும் பெட்டியில், எடுத்தது இது. சாதாரண டெக் ஒரு பக்கத்துக்கு இரண்டு ட்ராக் படிக்கும். அந்தப் பெட்டி இரு பக்கத்து நான்கையும் ஒரே திசையில், இரட்டை வேகத்தில் எழுதும். அதனால்தான் ஒரு மணி நேர கேசட்டில் கால் மணி நேரம்தான் பதியும். ஏ பக்கத்தில் ஒன்றும் இரண்டும், பி பக்கத்தில் மூன்றும் நான்கும், அவை தலைகீழாக. இரண்டு பக்கத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பி பக்கத்தைத் திருப்பி, வேகத்தை இரட்டிப்பாக்கிக் கோத்துவிடலாம்.

ஜூன் 8

வேலை ஓடவில்லை. மேடை ஞாபகமாகவே இருக்கிறது.

ஆடி மாதம் கூழ் ஊற்றும் கோயில்களில் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் தொடங்குவோம். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லும் 2000ஆம் ஆண்டு விதியெல்லாம் அப்போது ஏது? பிள்ளையார் பாட்டு, அம்மன் பாட்டு, பிறகு சினிமா. நள்ளிரவுக்கு மேல் சீட்டில் எழுதிப் பாட்டுக் கேட்பார்கள். அம்மா மேடைக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்து வெந்நீர் பிளாஸ்கோடு விடியும்வரை காத்திருப்பாள். பெண்பிள்ளை ஆர்கெஸ்ட்ராவில் பாடுவதற்குத் தெருவே பேசிய காலம். அம்மா ஒருநாளும் என்னைத் தடுத்ததில்லை.

தேவனாம்பட்டினத்தில் மாசி மகத்துக்குப் பாடினால் தபேலா அண்ணனுக்குச் சோதனை. கடல் காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கிக்கொண்டே போகும். எனக்கு அஞ்சு கட்டை, ஆண் பாடகருக்கு ஒன்றரை. ஒவ்வொரு பாட்டுக்கும் தபேலாவை மாற்றி, சுத்தியலால் தட்டித் தட்டி ஏற்றுவார். ஜனங்கள் அவருக்குக் கை தட்டுவார்கள். கீபோர்டுக்கும் தட்டுவார்கள். பேஸ் அண்ணனை யாரும் பார்த்ததில்லை. காங்கோ டிரம்முக்குப் பின்னால், விளக்கு விழாத மூலையில் நிற்பார். அவர் வாசிப்பது எனக்கே சரியாகக் கேட்டதில்லை.

ஜூன் 9

இரண்டு பக்கத்தையும் தனித்தனியே ஓட்டியதால் வேகம் நூலளவு மாறுகிறது. முதல் சரணத்துக்குள் தபேலா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். காப்பாற்றியது ஹெட்போன். பாடும்போது என் காதிலிருந்து கசிந்த தாளம் மைக்கில் லேசாக விழுந்திருக்கிறது. ஒலிப்பதிவில் அதைக் குறை என்பார்கள். எனக்கோ அந்தக் கசிவுதான் அளவுகோல். அதை முதல் ட்ராக்கின் தபேலாவோடு அடி அடியாகப் பொருத்தி, நழுவும் இடத்தில் இழுத்துவிடுகிறேன்.

கடைசிச் சரணத்தில் என் குரலுக்குக் கீழே ரோடியர் மில்லின் சங்கு! ஃபேனை நிறுத்தி, சுவரெல்லாம் ஜமுக்காளம் தொங்கவிட்டு, வியர்வை வழியப் பாடிய ராத்திரி. ஜன்னல் இடுக்கில் சங்கு நுழைந்துவிட்டது. ஏ.எஃப்.டி. என்ற அந்த மில்லையே 2020இல் மூடிவிட்டார்கள். இரைச்சலை நீக்கும் மென்பொருள் இருக்கிறது. சங்கை நீக்க மாட்டேன்.

ஜூன் 16

இன்று மற்ற மூன்றையும் அணைத்துவிட்டு இரண்டாவது ட்ராக்கை மட்டும் கேட்டேன். பேஸ் மட்டும்.

பதிவன்று நடந்ததை எழுதிவிட வேண்டும். தபேலா, காங்கோவை முதல் ட்ராக்கிலும், கீபோர்டு, கிட்டாரை மூன்றிலும் முதலில் எடுத்தோம். பேஸையும் அப்போதே முடித்துவிடலாம் என்றார் கீபோர்டு அண்ணன். பேஸ் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "பாப்பா பாடும்போதுதான் வாசிப்பேன்" என்று ஒரே பிடி. பேஸ் ஒயர் வழியே நேராகப் பெட்டிக்குள் போய்விடும், மைக்கில் விழாது, அதனால் முடிந்தது. இருந்தும் ஒரு மணி நேரம் அந்த வாக்குவாதத்திலேயே போனது. என் ஹெட்போனில் தாளமும் கீபோர்டும்தான் பலமாக இருந்தன.

அனுபல்லவியில் மேல் ஸ்தாயிக்குப் போகுமுன் நான் மூச்சு எடுக்கிறேன். கணக்குப்படி அவர் அடுத்த ஸ்வரத்துக்கு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. பழைய ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் மேலே ஏறும் அதே நொடியில் அவரும் இறங்குகிறார். சரணங்களில் என் மூச்சு ஒவ்வொரு தரமும் வேறு இடத்தில் விழுகிறது. அவர் நிற்கும் இடமும் கூடவே மாறுகிறது. என் குரல் இருக்கும் நான்காவது ட்ராக்கை மெல்ல ஏற்றி வைத்துப் பார்த்தேன். ஒரு இடம்கூடத் தவறவில்லை. அந்தப் பாட்டில் நான் நன்றாகப் பாடினேன் என்று எல்லோரும் சொன்னார்கள். எதன்மேல் நின்று பாடினேன் என்று இப்போதுதான் கேட்கிறேன்.

ஜூன் 21

பேஸ் அண்ணன் பாரிஸிலிருந்து கூப்பிட்டார். தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர், என்பதால் அவர்கள் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, 1995இல் போய்விட்டார். பதிவை அனுப்பியிருந்தேன்.

"கேட்டேன் பாப்பா. மூணு தரம் கேட்டேன்."

"அண்ணே, நான் மூச்சு எடுக்கிற இடம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மேடையில உன் தோளப் பார்த்துதான வாசிப்பேன். அன்னைக்கும் உன் எதிர்லதான ஸ்டூல் போட்டு உக்காந்தேன்."

இன்று அங்கே ஃபெத் து லா மியூசிக். தொழில்முறைக் கலைஞரும் ஆசைக்கு வாசிப்பவரும் ஒன்றாகத் தெருவுக்கு வந்து இலவசமாக இசைக்கட்டும் என்று 1982இல் பிரான்சில் தொடங்கிய விழா, புதுச்சேரியிலும் நடக்கிறது. அண்ணன் வருடம் தவறாமல் பேஸைத் தூக்கிக்கொண்டு போகிறாராம். இப்போது ஒரு அல்ஜீரியப் பாடகிக்கு வாசிக்கிறார்.

கேசட்டில் இன்னொரு பாட்டு பாக்கி. அதில் ட்ராக் போதாமல் மூன்று ட்ராக்கையும் சேர்த்து நாலாவதில் இறக்கி, பழையதை அழித்து மேலே எழுதியிருக்கிறோம். பேஸைப் பிரிக்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு அண்ணன் தன்னிடமுள்ள ஒத்திகை கேசட்டோடு வருகிறார். அந்தப் பாட்டு அதில் இருக்கிறதா என்று இருவரும் தேடப்போகிறோம்.