நிற்கத் தெரியாத செவலை: பயிற்சி நாட்குறிப்பு

ஜூலை 6, 2025, ஞாயிறு

செவலை நிறக் குதிரை, காயடித்த ஆண், 6 வயது, உயரம் 15 கை 3 அங்குலம் (ஒரு கை 4 அங்குலம்), எடை 450 கிலோ அளவில். பந்தய ஓட்டம் முடிந்து சவாரிக்கு வந்திருக்கும் தரோபிரெட், அதாவது பந்தய இனம். வாக் (நடை), ட்ராட் (மெதுவோட்டம்) இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. நிறுத்தினால் மட்டும் 2 விநாடிதான். அதற்குள் முன்னங்காலால் மண்ணைப் பறிக்கும், பிட்டத்தை வலப்பக்கம் தள்ளும், தலையை உதறும், பிறகு தானாகவே கிளம்பிவிடும்.

இதைக் கெட்ட பழக்கம் என்று சொல்வதற்கு முன்னால் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதுகெலும்பின் இரு பக்கமும் விரல்களால் ஒரே சீராக அழுத்திக்கொண்டே போனதில் எங்கும் வலியால் முதுகை நெளிக்கவில்லை. சேணத்தின் முன்வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் நடுவே, ஆள் ஏறிய பிறகும் 2 விரல் நுழைகிறது, அது போதும். பல்லில்தான் குறை. மேல் கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பு கூராகிக் கன்னத்தின் உள்தோலைக் கீறியிருக்கிறது. மருத்துவர் அரத்தால் தேய்த்துவிட்டார். புண் ஆறும்வரை, லகான் மாட்டும் கம்பி வாயில் கிடையாது.

தீவனமும் இன்னும் பந்தயக் கணக்கில்தான் போய்க்கொண்டிருந்தது: நாளுக்கு 5 கிலோ ஓட்ஸ், அதன்மேல் வேகவைத்த கொள்ளு. ஒரு மணி நேர லேசான சவாரிக்கு இது மிக அதிகம். 2 நாளுக்கு ஒருமுறை அரை கிலோ குறைத்து 2 கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரேயடியாகக் குறைக்கக் கூடாது, வயிறு கெடும். காய்ந்த புல் 8 கிலோ. குதிரை மசால் என்ற தீவனப் பயிர் கொஞ்சம்.

ஜூலை 10, வியாழன்

கம்பி இல்லாத நாட்களில் தரைப்பாடம். தலைக்கயிறும் 3 மீட்டர் பிடிகயிறும் போதும். பத்தடி நடந்து, மூச்சை வெளியே விட்டு, தாழ்ந்த குரலில் நீட்டி "ஓ...ஓ" என்று சொல்லிவிட்டு நம் கால்களை நிறுத்த வேண்டும். அது நின்ற கணமே கயிறு தொய்ய வேண்டும். கயிறு தொய்வதுதான் அதற்குக் கிடைக்கும் பரிசு. இது சற்றுத் தாமதித்தாலும், எதற்காகக் கிடைத்தது என்பது குதிரைக்குப் புரியாது.

நகர்ந்தால் திட்டுவதும் இல்லை, கயிற்றை வெடுக்கென இழுப்பதும் இல்லை. எத்தனை அடி முன்னால் வந்ததோ அத்தனை அடி பின்னால் அனுப்பி, பழைய இடத்திலேயே நிறுத்த வேண்டும். கழுத்தில் படபடவென்று தட்டிக்கொடுப்பது இதன் பரபரப்பைக் கூட்டுகிறது. பிடரி முடியும் இடத்தில், தோள்மேட்டுக்குச் சற்று முன்னால், நகத்தால் மெதுவாகச் சொறிந்தால் தலை தாழ்கிறது. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்வதும் அந்த இடத்தில்தான்.

ஜூலை 14, திங்கள்

ஏறும்போது நிற்பது. பந்தய லாயங்களில் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியைத் தூக்கி ஏற்றிவிடுவார்கள். ஆள் முதுகில் உட்கார்ந்தால் போக வேண்டும் என்பதுதான் இதுவரை இதற்குக் கற்றுக்கொடுத்த பாடம். அதைப் போய் முரட்டுத்தனம் என்பது அநியாயம்.

ஏறுபடிக்கு அருகில் நிறுத்திப் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தாயிற்று. படியில் ஏறி இறங்குவது. சேணத்தின்மேல் கையை ஊன்றி எடுப்பது. அங்கவடியில் காலை வைத்து எடுப்பது. பாதி எடையைப் போட்டு இறங்குவது. ஒவ்வொன்றையும் அது அசையாமல் இருக்கும்போதே முடிக்க வேண்டும்; அசைந்த பிறகு இறங்கினால், அசைந்தால் இறங்கிவிடுவார்கள் என்று படித்துக்கொள்ளும். ஏறும்போது காலணி நுனி விலாவில் குத்தாமல் பார்ப்பதும் முக்கியம். பல குதிரைகள் அந்தக் குத்தலால்தான் கிளம்புகின்றன. உட்கார்ந்ததும் 10 எண்ணும்வரை போகச் சொல்லவே கூடாது.

ஜூலை 17, வியாழன்

வாய் ஆறிவிட்டது. ஸ்னாஃபிள் என்ற எளிய வாய்க்கம்பி போட்டு முதல் நாள். 20 நிமிடம் ட்ராட், நிறைய வட்டங்கள். நிற்கும் பாடத்தைச் சவாரியின் தொடக்கத்தில் எடுப்பது வீண், உடம்பு கொஞ்சமாவது களைத்திருக்க வேண்டும்.

வரிசை இது: மூச்சை விடு, முதுகை நிமிர்த்து, குதிரை நடையோடு ஆடும் இடுப்பை ஆடாமல் வை. அதன் பிறகுதான் விரல்கள், ஈரத் துணியைப் பிழிவதுபோல ஒரு மூடல். நான்கு காலும் நின்றவுடன் லகான் ஒரு சாண் நீளட்டும்.

எல்லாரும் தவறுவது இந்தக் கடைசி இடத்தில். நின்ற பிறகும் "எங்கே போய்விடுமோ" என்று லகானை இறுக்கியே வைத்திருக்கிறோம். பந்தயக் குதிரை இறுகிய லகான்மேல் சாய்ந்துதான் ஓடப் பழகியது, அதனால் இறுக்கத்தை "போ" என்றே படிக்கிறது. நாம் இழுக்க அது தள்ள, இரண்டு பக்கமும் வலுக்கிறது. இதனிடம் இருந்த பதற்றத்தில் பெரும்பங்கு கைகள் கொடுத்தது.

இன்றைய கணக்கு 12 நிறுத்தங்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை விநாடி. 2 விநாடியில் கிளம்பும் என்று தெரியும்போது அதற்கு முன்பே "நட" என்று நாம் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் கிளம்புவது நம் முடிவாக இருக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

மழைக்குப் பின் ஈ மொய்த்தது. பக்கத்துக் குதிரைகள் லாயத்துக்குத் திரும்பிப் போயின. 1 விநாடிகூட நிற்கவில்லை.

நகரும்போது இழுக்காமல் 8 மீட்டர் வட்டத்தில் ஒரு சுற்று வாக் நடத்தி, அதே இடத்துக்கு வந்து மறுபடி நிற்கச் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு அடி பின்வாங்க வைப்பதும் உதவும், ஆனால் அதையே தொடர்ந்து செய்தால் சில குதிரைகள் பின்னோக்கி ஓடத் தொடங்கும். முன்னங்கால் தரையை விட்டு லேசாக எழுந்தால் பாடத்தை அங்கேயே விட்டு, லகானைத் தளர்த்தி முன்னால் ஓட்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் பிடித்து நிறுத்துவது ஆபத்து, மல்லாந்து விழக்கூடும்.

நாளை வயிற்றிலும் கால்களிலும் வேப்பெண்ணெய்.

ஜூலை 25, வெள்ளி

நிற்கும் நேரத்தை ஏற்றும் நாட்கள். 2, 4, 3, 6, 2, 8, 5 விநாடி. ஏணிப்படி மாதிரி ஏற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் பாடம் கடினமாகிறது என்று குதிரைக்குத் தெரிந்துவிடும். நடுவில் குறைந்தது வந்தால் அதுவும் மூச்சு விடும். இடத்தையும் மாற்ற வேண்டும். வாசல் பக்கம் நிறுத்தவே இல்லை.

பிட்டம் இன்னமும் வலப்பக்கம் போகிறது. காரணம், நிறுத்தும்போது நாம் இரண்டு காலையும் அதன் விலாவிலிருந்து ஒரேயடியாக எடுத்துவிடுவது. நம் வலது கெண்டைக்கால் வயிற்று வாருக்கு ஒரு கையகலம் பின்னால், ஈரத் துண்டு தொங்குவதுபோலப் பட்டுக்கொண்டிருந்தால் போதும். அழுத்தினால் முன்னால் போகும்.

ஜூலை 31, வியாழன்

30 விநாடி, தொய்ந்த லகானில். அந்த நேரத்தில் வயிற்று வாரை ஒரு துளை இறுக்குவது, தொப்பியைச் சரிசெய்வது, இன்னொரு குதிரை விலகிப் போவது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம்.

கால்கள் சதுரமாக, முன்னிரண்டும் பின்னிரண்டும் இணையாக நிற்பதை இப்போதுதான் கேட்கலாம். டிரெஸ்ஸாஜ் என்ற, குதிரையின் பழக்கிய நடைகளுக்கு மதிப்பெண் தரும் போட்டியில் வணக்கம் சொல்லும் நிறுத்தத்துக்கு அது வேண்டும். ஒரு பின்னங்கால் பின்தங்கினால் அரை அடி முன்னால் வரச் சொல்லி, வந்தவுடன் விட வேண்டும். சதுரத்துக்காக நோண்டிக்கொண்டே இருந்தால், இத்தனை நாள் கற்ற அமைதி போய்விடும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

திடலுக்கு வெளியே, தென்னந்தோப்பு ஓரம் ஒரு நிமிடம் நின்றது. தலை தாழ்ந்து, ஒரு பின்னங்காலை மடித்து ஓய்வு கொடுத்தது. உதட்டை நக்கி மென்றது.

பிறகு வேறொரு சவாரியாளர் ஏறினார். 4 விநாடியில் கிளம்பிவிட்டது. லகான் இரண்டும் கம்பியாக இறுகியிருந்தன. "நின்றதும் ஒரு சாண் விடுங்கள், அண்ணா" என்றோம். மூன்றாம் முறை விட்டார். 11 விநாடி நின்றது. அதோடு இறக்கிவிட்டோம்.