அடுத்த வீட்டு மரம் குடித்த காங்கிரீட்

பில்டர் அனுப்பிய மதிப்பீடு 72,000 பவுண்டு. இரண்டு நாள் தூங்காமல், ஒருவழியாக மனசைத் தேற்றிக்கொண்ட பிறகுதான் கடைசிப் பக்கத்து மூலையில் இருந்த பொடி எழுத்து கண்ணில் பட்டது: ‘பிளஸ் வாட்’. மதிப்புக் கூட்டு வரி, இருபது சதவீதம். அதாவது இன்னொரு 14,400. அதற்கும் குறைவான காசில் என் தங்கை கல்யாணத்தை மண்டபம், நகை, மறுவீட்டு விருந்து வரை முடித்தோம்.

லண்டன் ஹாரோவில் எங்களுடையது 1930களில் கட்டிய ‘செமி’, நடுச்சுவரைப் பகிர்ந்து ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகளில் ஒன்று. ஒருவர் தோசை சுட்டால் இன்னொருவர் ஃப்ரிட்ஜைத் திறக்க முடியாத சமையலறை. வேறு வீடு பார்க்கலாமென்றால், எட்டு லட்சம் பவுண்டு வீட்டுக்கு முத்திரை வரி மட்டுமே முப்பதாயிரம். சரி, இருக்கிற வீட்டையே பின்பக்கம் மூன்று மீட்டர் நீட்டலாம் என்று முடிவு செய்தோம்.

எக்செல்லில் கணக்குப் போட்டேன். கடைசி வரியில் ‘எதிர்பாராதது: 8,000’. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “எதிர்பார்த்துத்தானே எழுதியிருக்கீங்க?” என்றாள்.

முதல் அடி பொதுச்சுவர்ச் சட்டம், 1996. பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி, அவர்கள் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுவதென்றால் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா நல்லவர். கிறிஸ்துமஸுக்கு கேக் தருவார், நாங்கள் தீபாவளிக்கு முறுக்கு கொடுப்போம். நோட்டீஸைச் சிரித்தபடி வாங்கி, மகனிடம் காட்டுகிறேன் என்று உள்ளே கொண்டுபோனவர் அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பதினான்கு நாள் பதில் வராவிட்டால் தகராறு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதைத் தீர்த்துவைக்க எனக்கொரு சர்வேயர், அவருக்கொரு சர்வேயர். இருவருக்கும் காசு நான்தான். எங்கள் தாத்தாவும் அவர் அண்ணனும் ஒன்றரை அடிச் சுவருக்காக கோவில்பட்டி கோர்ட்டில் பதினோரு வருஷம் மல்லுக்கு நின்றவர்கள். ஆனாலும் அவரவர் வக்கீலுக்கு அவரவரே ஃபீஸ் கொடுத்தார்கள்.

இதுகூடப் பரவாயில்லை. வானம் ஒரு மீட்டர் தோண்டி முடித்த அன்று கட்டட ஆய்வாளர் வந்தார். குழியை அவர் பார்க்கவே இல்லை. வேலிக்கு அப்பால் தலையை விரித்துப்போட்டு நின்ற அந்த அம்மாவின் வில்லோ மரத்தைப் பார்த்தார். “இன்னும் ஒரு மீட்டர்” என்றார். லண்டன் களிமண் வெயிலில் சுருங்கும், மழையில் வீங்கும். வில்லோ தண்ணீரை உறிஞ்சி அதை இன்னும் சுருக்கும். மரத்தை வெட்டினாலும் விடிவில்லை, குடிக்க ஆளில்லாத தண்ணீர் மண்ணை வீங்க வைத்து அஸ்திவாரத்தைத் தூக்கிவிடுமாம். கூடுதல் காங்கிரீட், மண் அள்ள லாரி, ஆள்கூலி எல்லாம் சேர்த்து 4,800. பிளஸ் வாட்! மரம் அவருடையது, சர்வேயர் அவருடையவர், தாகம் மட்டும் என் செலவில்.

இங்கே வந்து பதினேழு வருஷம். ஊர் நினைப்பெல்லாம் இப்போது அவ்வளவாக வருவதில்லை என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வேன். அன்று ராத்திரி அப்பாவைக் கூப்பிட்டேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார். “அது கரிசல்தான்ய்யா. நிறம்தான் வேற.”

எனக்கு உடனே எங்கள் வீட்டு முற்றம் வந்துவிட்டது. சித்திரையில் பம்பரம் உள்ளே போய்த் தொலைகிற அளவுக்கு மண் வாய் பிளந்திருக்கும். ஐப்பசி மழையில் அதே மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அப்பா வீடு கட்டியபோது, மேஸ்திரி அடியில் சுக்கான் பாறை தட்டும்வரை தோண்டாமல் விடமாட்டேன் என்று நின்றாராம். பாட்டியின் இரட்டைவடச் சங்கிலி அந்தக் குழிக்குள்தான் போனது. அதுவரை எனக்குத் தெரியாது. நகையைத் திருப்ப முடியாமல் போனது மழை பொய்த்ததால் என்றே நினைத்திருந்தேன்.

அப்பாவின் கணக்கு நோட்டில் ‘எதிர்பாராதது’ என்று ஒரு வரி கிடையாது. மணல் இத்தனை வண்டி, செங்கல் இத்தனை ஆயிரம், சித்தாள் கூலி. மேல்தளம் போட்ட தேதியில் மட்டும் ‘கறி 6 கிலோ, சீரகச்சம்பா’ என்று இருக்கும். அன்றைக்கு வேலையாட்களுக்கு பிரியாணி போடாத வீடு எங்கள் தெருவில் இல்லை.

“காங்கிரீட் அன்னைக்கு ஆட்களுக்கு என்ன போடுவ?” என்றார் அப்பா. இங்கே அப்படியெல்லாம் வழக்கமில்லை, அவர்களே சாண்ட்விச் கொண்டுவந்துவிடுவார்கள் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

காங்கிரீட் வண்டி காலை எட்டுக்கு வந்தது. மதியம் ஐந்து பேருக்கு மட்டன் பிரியாணி வாங்கிவந்தேன். கட்டடக் கழிவு போடும் இரும்புத் தொட்டியான ஸ்கிப்பின் விளிம்பில் டப்பாக்களை வைத்து, காரத்துக்கு மூக்கை உறிஞ்சியபடி வழித்துச் சாப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் ஒரு டப்பா கொடுத்துவிட்டு வந்து எக்செல்லைத் திறந்து, ‘பிரியாணி’ என்று புதிதாக ஒரு வரி சேர்த்தேன். தொகைக்காக ரசீதை எடுத்துப் பார்த்தால், அடியில் பொடி எழுத்தில் அதே வாட், இருபது சதவீதம்.