காற்றாலைத் தரவுத்தளம்: நாட்குறிப்பு

ஜூன் 2

நாகர்கோவில் அலுவலகத்தில் ஓடும் கசாண்ட்ரா கிளஸ்டர் (பல சர்வர்கள் சேர்ந்து இயங்கும் தரவுத்தளம்) இன்று என் பொறுப்புக்கு வந்தது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிகளில் உள்ள காற்றாலைகளின் ரோட்டர் சுழற்சி, காற்றின் வேகம், மின் உற்பத்தி ஆகியவற்றின் 10 நிமிடச் சராசரிகளும், இடையிடையே எழும் எச்சரிக்கைகளும் இதில்தான் சேருகின்றன. கணவாய் வழியே பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டதால், செப்டம்பர் வரை ஒரு பதிவும் தவறக்கூடாத காலம் இது.

அமைப்பைப் பார்த்ததும் என் மனம் ஒப்பவில்லை. மூன்று சர்வர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பிரதிகள் வைக்கப்படுகின்றன. ஆனால் மூன்று சர்வர்களும் எழுதுவது ரேக்கின் அடித்தட்டில் இருக்கும் ஒரே நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் வழியே பகிரப்படும் டிஸ்க் பெட்டி), என்எஃப்எஸ் மவுண்ட் வழியாக, அதாவது அதன் டிஸ்கைத் தங்கள் சொந்த டிஸ்க் போல நெட்வொர்க்கில் இணைத்துக்கொண்டு. நோடுக்கு (கிளஸ்டரின் ஒவ்வொரு சர்வருக்கும்) ஒரு டைரக்டரி என்று பிரித்திருப்பதால் ஒன்றின் கோப்பில் மற்றொன்று கைவைக்காது. அதற்கு மேல் இந்த ஏற்பாட்டில் நல்லது எதுவும் எனக்குத் தென்படவில்லை.

ஜூன் 5

பொதுவான சேமிப்பகத்தில் தரவுத்தளத்தை ஓட்டுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆரக்கிள் ஆர்ஏசி போன்றவை, பல சர்வர்கள் ஒரே கோப்புகளைத் திறந்து, தங்களுக்குள் பூட்டுகளைப் பேசி முடித்துக்கொண்டு எழுதும்படியே வடிவமைக்கப்பட்டவை; ஆரக்கிள் என்எஃப்எஸ்ஸையும் ஆதரிக்கிறது. கசாண்ட்ரா அந்த வழியில் வந்ததன்று. எதையும் பகிராத கட்டமைப்பே சிறந்தது என்று மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-இல் வாதிட்டார். ஒவ்வொரு கணினிக்கும் தனி நினைவகம், தனி டிஸ்க், இடையில் நெட்வொர்க் மட்டும் என்பதே அதன் சாரம். கசாண்ட்ரா அந்த மரபில் நிற்கிறது. ஒரு நோடின் டிஸ்க் கெட்டாலும் மற்ற இரண்டும் கெடாது என்ற அனுமானத்தின் மீதுதான் மூன்று பிரதிகள், குவோரம் (பெரும்பான்மைப் பிரதிகளின் ஒப்புதல்), ரிப்பேர் (பிரதிகளை ஒப்பிட்டுச் சரிசெய்தல்) ஆகிய அனைத்தும் கட்டப்பட்டிருக்கின்றன.

நாஸ் பெட்டிக்குள் ரெய்டு (ஒரு டிஸ்க் கெட்டாலும் தரவு தப்பும்படி பல டிஸ்குகளில் வைக்கும் முறை) இருக்கிறதே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ரெய்டு, டிஸ்க் போனால் காப்பாற்றும்; பெட்டியின் மின்வழங்கியோ அதன் நெட்வொர்க் கேபிளோ போனால் காப்பாற்றாது.

ஜூன் 11

மாலையில் நல்ல மழை. மின்சாரம் விட்டு விட்டு வந்ததில் நாஸ் பெட்டி தானாக ரீஸ்டார்ட் ஆனது. மூன்று சர்வர்களும் அணையவில்லை. ஆனாலும் காற்றாலைப் பதிவுகள் எதுவும் ஏறாமல், 2 நொடி வரம்பைக் கடந்து, டைம்அவுட் ஆகிக்கொண்டே இருந்தன. நோடுகளின் நிலையைக் காட்டும் நோட்டூல் ஸ்டேட்டஸ் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் மூன்று வரியிலும் ‘யுஎன்’ என்றே காட்டியது. எல்லாரும் நலம் என்று பொருள்!

இதன் காரணம் என்எஃப்எஸ்ஸின் ஹார்டு மவுண்ட். மறுமுனை பதில் தராவிட்டால் அது பிழை என்று திருப்பாது; பதில் வரும்வரை காத்துக்கொண்டே இருக்கும். கசாண்ட்ராவோ, டிஸ்க் பிழை என்று ஒன்று வந்தால் மட்டுமே நோடைத் தானாக விலக்கிக்கொள்ளும். பிழையே வராததால் விலகவும் இல்லை. கிசுகிசுச் செய்திகளுக்கு டிஸ்க் தேவையில்லை என்பதால் ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று மூன்றும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தன. தவறிய பதிவுகளைப் பின்னர் சேர்ப்பதற்காக எழுதிவைக்கும் ஹின்ட் கோப்புகளும் அதே பெட்டியில்தான் இருந்தன. சாஃப்ட் மவுண்டாக மாற்றுவது தீர்வாகாது. எழுத்து பாதியில் பிழையாகி, கோப்பே சிதையக்கூடும்.

ஜூன் 12

எங்களிடம் தரவை ஒப்படைத்திருக்கும் காற்றாலை உரிமையாளர் ஒருவர் காலையிலேயே வந்துவிட்டார். படம் வரைந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பத்திரத்தை மூணு நகல் எடுத்து, மூணையும் ஒரே பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டினது மாதிரியில்லா இருக்கு தம்பி” என்றார். ஆமாம் அண்ணாச்சி, அதேதான் என்றேன். எஸ்எஸ்டி வாங்குவதற்கான ஒப்புதல் மதியத்திற்குள் கிடைத்தது.

பிற்பகலில் நாஸ் பெட்டியின் எக்ஸ்போர்ட் அமைப்பைப் பார்த்தேன், ஏசிங்க் என்றிருந்தது. தரவு டிஸ்கில் இறங்குவதற்கு முன்பே ‘எழுதிவிட்டேன்’ என்று பெட்டி பதில் சொல்லிவிடும். ஒவ்வொரு எழுத்தையும் குறித்துவைக்கும் கமிட் லாகைக் கசாண்ட்ரா இயல்பாக 10 நொடிக்கு ஒருமுறை டிஸ்கில் உறுதிப்படுத்துகிறது. தனித்தனி டிஸ்க் இருந்தால், ஒரு நோட் அணைந்து கடைசி நொடிகளை இழந்தாலும் மற்ற இரண்டிடம் அவை இருக்கும். இங்கேயோ அதே நொடிகளை மூன்று பிரதிகளும் ஒருசேர இழக்கும். நேற்றைய பதிவுகளில் ஒரு சிறு இடைவெளி இருப்பதைக் கண்டேன். காற்றாலைக் கட்டுப்பாட்டுக் கணினியில் அவை இன்னும் இருந்ததால் மீண்டும் ஏற்ற முடிந்தது.

ஜூன் 16

காம்பாக்ஷன் (தரவுக் கோப்புகளை ஒன்றாக்கிச் சுருக்கும் வேலை) ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதற்குக் கணக்கே போதும். கசாண்ட்ராவின் 4.0 பதிப்பில் ஒரு நோடின் இயல்பான காம்பாக்ஷன் வரம்பு நொடிக்கு 64 மெகாபைட். மூன்றும் சேர்ந்தால் 192. நாஸுக்குப் போகும் ஒரு கிகாபிட் கேபிளின் உச்சமே 125.

ஜூன் 23

எஸ்எஸ்டிகள் வந்துவிட்டன. நோடு நோடாக மாற்றுகிறோம். குவோரத்திற்கு மூன்றில் இரண்டு போதும் என்பதால் சேவையை நிறுத்த வேண்டியதில்லை. நோட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்சிங்க் (மாறியதை மட்டும் நகலெடுக்கும் கருவி) கொடுத்துப் பெரும்பகுதியை நகலெடுத்துவிட்டு, டிரெய்ன் செய்து (நினைவகத்தில் உள்ளதை டிஸ்கில் எழுதவைத்து) நிறுத்தி, மிச்சத்தை மட்டும் மீண்டும் ஆர்சிங்க் செய்து, புதிய பாதையைக் குறித்துத் தொடங்கினோம். ஹின்டுகள் இயல்பாக 3 மணி நேரத்திற்கே சேமிக்கப்படும். அதற்குள் நோட் எழுந்துவிட வேண்டும்.

இரண்டாம் முறை ஆர்சிங்க் செய்யும்போது டிலீட் விருப்பத்தை (மூலத்தில் இல்லாத கோப்புகளை நகலிலும் நீக்குவது) கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பதை, கூட வேலை செய்யும் தங்கைக்கு அழுத்திச் சொன்னேன். இடைப்பட்ட நேரத்தில் காம்பாக்ஷன் முடிந்து, மூலத்தில் நீக்கப்பட்ட பழைய எஸ்எஸ்டேபிள்கள் (தரவுக் கோப்புகள்) நகலில் தங்கிவிட்டால், என்றோ அழித்த பதிவுகள் உயிர்பெற்று வந்து நிற்கும்.

ஜூன் 25

மூன்றாவது நோடும் முடிந்தது. ரிப்பேர் ஓடுகிறது. நாஸ் பெட்டியின் கேபிளை எல்லாருக்கும் முன்னால் பிடுங்கிக் காட்டினேன். பதிவுகள் தடையின்றி ஏறின. பிறகு ஒரு சர்வரையும் அணைத்துப் பார்த்தோம். அப்போதும் ஏறின.

ஜூலை 1

நாஸ் பெட்டியைத் தூக்கி எறியவில்லை. பேக்கப்புக்கு அது மிகப் பொருத்தமானது. இரவில் ஒவ்வொரு நோடும் ஸ்னாப்ஷாட் (அந்நேரத் தரவின் பிரதி) எடுக்கிறது. உள்ளூர் டிஸ்கில் அது வெறும் ஹார்டு லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) என்பதால் நொடியில் முடிகிறது. பின்னர் அந்தக் கோப்புகள் நாஸுக்கு நகலாகின்றன. இன்று அவற்றிலிருந்து ஒரு டேபிளை உபரிக் கணினியில் மீட்டு, மே மாத உற்பத்திக் கணக்கோடு ஒப்பிட்டோம், பொருந்தியது.

ஆனால் சர்வர்களும் பேக்கப்பும் இன்னும் ஒரே அறையில்தான் இருக்கின்றன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தின் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டதைப் பார்த்தவர்களுக்கு இது போதாது என்று தெரியும். மார்த்தாண்டம் கிளையில் ஒரு பழைய சர்வர் சும்மா இருக்கிறது. அதில் ஸ்னாப்ஷாட்டின் இரண்டாம் நகலை வைக்க நாளை அங்குள்ளவர்களிடம் பேசுகிறேன்.