தோள் நரம்பு ஆபரேஷனும் 'நார்மல்' ரிப்போர்ட்டும்

ஆபரேஷன் முடிந்து வலது கையால் மறுபடியும் சர்வ் போட ஆரம்பித்துவிட்டேன். ஆனாலும் அந்த ஈ.எம்.ஜி. (ஊசி குத்தித் தசையையும் நரம்பையும் சோதிக்கும் டெஸ்ட்) ரிப்போர்ட்டை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான்.

வாலிபால் ஆடுகிறவர்களுக்கு பின்தோள் தசைகளுக்குப் போகும் சூப்ராஸ்கேபுலர் நரம்பு நசுங்கும் தொல்லையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு வலி பெரிதாக இல்லை, அடியில் வேகம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. உடை மாற்றும்போது கூட ஆடுகிறவன்தான் பார்த்துவிட்டு, "என்னடா, இங்க பள்ளமா இருக்கு?" என்றான். பின்தோளில் எலும்பு மேட்டுக்குக் கீழே சதை வற்றிப்போய், விரல் வைத்தால் உள்ளே இறங்கியது.

முதலில் பார்த்த டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லவே இல்லை. கழுத்துப் பிரச்சினை என்று கழுத்துக்கு ஸ்கேன் எழுதினார். அதில் ஒன்றும் இல்லை. அடுத்து ஈ.எம்.ஜி. ஊசி குத்தியவர் அந்த எலும்பு மேட்டுக்கு மேலே இருக்கும் சூப்ராஸ்பைனேட்டஸ் தசையை மட்டும் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று எழுதிவிட்டார். நார்மலாகத்தானே இருக்கும்! நரம்பு அந்தத் தசைக்குக் கிளை கொடுத்த பிறகுதான் ஸ்பைனோகிளெனாய்டு நாட்ச் என்ற எலும்பு இடுக்கு வழியாக இறங்கி, மேட்டுக்குக் கீழே இருக்கும் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் தசைக்குப் போகிறது. எனக்கு நசுங்கியிருந்தது அந்த இடுக்கில். வற்றிய தசையில் ஊசியே படவில்லை.

அந்த ஒற்றை வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இன்சூரன்ஸில் ஆபரேஷனுக்கு அனுமதி மறுத்துவிட்டார்கள். தோளில் விழுந்த பள்ளத்தைக் காட்டினால், "ரிப்போர்ட்ல இல்லையே சார்" என்பதுதான் பதில். அதனால் ஈ.எம்.ஜி. சீட்டில் இரண்டு தசைகளின் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே போங்கள். இரண்டாவது ஈ.எம்.ஜி.யில் சேதம் தெளிவாகத் தெரிந்தது. தோள் எம்.ஆர்.ஐ.யில் காரணமும் தெரிந்தது: லேப்ரம் (தோள் மூட்டுக் குழியின் விளிம்பைச் சுற்றியிருக்கும் வளையம்) கிழிந்து, அது வழியாகக் கசிந்த மூட்டுத் திரவம் கட்டியாகி நரம்பை அழுத்தியிருக்கிறது. இரண்டையும் மேசையில் வைத்ததும் அதே ஆள் மறுபேச்சில்லாமல் முத்திரை குத்தினார். அந்தச் சத்தம் காதுக்கு இனிமையாக இருந்தது!

கட்டி இல்லாமல், திரும்பத் திரும்ப இழுபட்டே நரம்பு பழுதாவதும் உண்டு. அவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் பிசியோதெரபிதான். கட்டி இருந்தால் ஊசியால் உறிஞ்சிவிடலாம் என்று யாராவது சொன்னால், கிழிசலை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள். அது அப்படியே இருந்தால் கட்டி திரும்ப வரலாம். எனக்கு ஆர்த்ரோஸ்கோபியில் (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) கட்டியை வடித்து லேப்ரத்தையும் தைத்தார்கள். அது சிக்கலில்லாமல் முடிந்தது.

பயந்தது அதற்கப்புறம்தான். கழுத்தோரம் போட்ட மரப்பு ஊசியால் குரல் கம்மி, ஒரு கண் இமை தொங்கி, மூச்சும் முழுசாக இழுக்க வரவில்லை. மருந்து இறங்கியதும் சரியாகிவிட்டது. அந்த ஊசிக்கு இதெல்லாம் வழக்கம்தானாம், முன்னாலேயே ஒருவரும் சொல்லவில்லை. மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

பலம் நன்றாகத் திரும்பியிருக்கிறது, பள்ளம் முழுசாக நிரம்பவில்லை. நாள்பட்ட கேஸில் நிரம்பாமலே போகலாம் என்றார் சர்ஜன். ஆபரேஷனுக்குப் பிறகு கையைத் தாங்கும் ஸ்லிங் சில வாரம் இருக்கும், முன்பக்கம் பட்டன் உள்ள சட்டைகளை இப்போதே எடுத்து வையுங்கள். போடும்போது ஆபரேஷன் ஆன கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும்.